பின்னால் கொடுத்த பந்து

நான் ரைட் பேக். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ரைட் பேக்குக்குத் தெரியக்கூடியது மட்டும்தான். எதிரணியின் லெஃப்ட் விங், ஓரமாக ஓடி வருகிறவன், பந்தோடு எதிரே வருவான்; அவன் இடுப்பைப் பார்க்கணும், காலைப் பார்க்கக் கூடாது, மூஞ்சியைப் பார்க்கவே கூடாது. கன்னியாகுமரிக் கடற்கரையில் எங்கள் ஊர்ச் சர்ச் மைதானத்தில், பாதி மணலும் பாதி மீன்செதிலுமாகக் கிடக்கும் தரையில், இதைக் கற்றுக்கொண்டுதான் பெரியவன் ஆனேன். எஞ்சினியரிங்கெல்லாம் அதற்கப்புறம் சும்மா வந்து ஒட்டிக்கொண்டது.

ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டுக்கு எம்.எஸ். படிக்கப் போன வருஷம் தங்க இடம் கிடைக்காமல் நாயாய் அலைந்தேன். சீனியர் ஒருத்தரின் அறையில் தரையில் படுத்துக்கொண்டு, அவர் மூஞ்சி நாளுக்கு நாள் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் யுனிவர்சிட்டி நோட்டீஸ் போர்டில் அந்தச் சீட்டு கண்ணில் பட்டது. பக்கத்துச் சின்ன ஊர்க் கால்பந்து கிளப் தன் ஆட்டக்காரர்களுக்காக எடுத்துவைத்திருந்த வீடு. இருந்த இரண்டு பேரில் ஒருத்தன் பாதி சீசனில் மூட்டை கட்டிவிட்டதால் ஒரு அறை காலி. போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவன் முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு, பால் காய்ச்சும் பாத்திரத்திலிருந்தே கார்ன்ஃபிளேக்ஸ் தின்றுகொண்டிருந்தான்.

"நீ விளையாடுவியா?" என்றான். ஹலோ இல்லை, பேர் இல்லை.

"ரைட் பேக்."

"நான் லெஃப்ட் விங். அப்ப உனக்கும் எனக்கும் ஆகாது மக்கா. உள்ள வா."

அவன் பேசியது இங்கிலீஷ்தான். அசல் அமெரிக்காக்காரன், கன்சாஸ். அவன் 'மேன்' என்று சொன்ன இடத்திலெல்லாம் நான் 'மக்கா' போட்டிருக்கிறேன், என் காதில் அப்படித்தான் விழுந்தது. மற்றதையும் எங்கள் ஊர்ப் பேச்சில்தான் எழுதப் போகிறேன். அவன் வாயில் அது பொருந்தவில்லை என்று நினைப்பவர்கள் அவனைப் பார்த்ததில்லை.

கன்சாஸ் என்றால் மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது, அடுத்த ஊரிலிருந்து ஒருத்தன் கிளம்பினால் முந்தின நாளே தெரிந்துவிடும் என்பான். பந்தைத் தள்ளிவிட்டுப் பின்னாலேயே ஓடலாம், வேலி கிடையாது. விங்கர் ஆனது அப்படித்தான். காலேஜ் டீம், பிறகு அமெரிக்க இளைஞர் அணி. அங்கே அவனைப் பார்த்த ஒரு ஜெர்மன் இரண்டாம் டிவிஷன் கிளப் இருபது வயதில் அள்ளிக்கொண்டு வந்தது. முதல் கோச்சுக்கு இவன் என்றால் உயிர். பந்தை வாங்கு, ஆளைப் பார், தாண்டு, அவ்வளவுதான் அவருடைய பாடம். மரத்தில் இலை உதிர்வதற்குள் அந்த மனுஷனை விரட்டிவிட்டார்கள்.

அடுத்து வந்தவர் பழைய ஜெர்மன் ஆசாமி. பின்னால் மூன்று பேர், நடுவில் ஐந்து, முன்னால் இரண்டு. "என் டீமில் விங்கர் என்று ஒரு வேலையே இல்லை. ஓரம் என்று ஒன்று இருக்கிறது. அதில் மேலும் கீழும் ஓடு. அமெரிக்கர்களுக்கு நுரையீரல் பெரிது" என்றாராம். யோசித்துப் பாருங்கள். ஒருத்தன் கடல் தாண்டி நாதஸ்வரம் வாசிக்கப் போகிறான். 'எங்கள் கச்சேரியில் நாதஸ்வரம் கிடையாது, உனக்குத்தான் மூச்சு நிறைய இருக்கிறதே, வந்து அடுப்பை ஊது' என்கிறார்கள். இவனும் ஊதினான். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. முறைத்துக்கொண்டு நின்றிருந்தால்கூட வேறு மாதிரி போயிருக்குமோ என்னவோ.

மூன்றாவது கோச் இவனை ரிசர்வ் அணிக்கு அனுப்பினார். அங்கிருந்து வடக்கே ஒரு கிளப்புக்கு இரவல். அங்கே முழங்கால் போனது. முழங்கால் திரும்பி வந்தபோது கிளப் இவனைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அப்புறம் ஒரு டிவிஷன் கீழே, அப்புறம் இன்னொன்று. இப்படிப் படியிறங்கி படியிறங்கி இந்தச் சின்ன ஊருக்கு வந்து சேர்ந்திருந்தான். கோச்சுகள் மாறினார்கள், ஊர் மாறியது, ஆனால் எல்லோரும் கோட்டுக்கு வெளியே நின்று கத்தியது ஒரே வாக்கியம்: பந்தை இழக்காதே.

நான் குடிபோகும்போது அவனுக்கு இருபத்தாறு. எங்கள் ஊரில் இருபத்தாறு வருஷப் படகைக் கரையில் கவிழ்த்துப்போட்டிருப்பார்கள், நிழலுக்கு நாய் படுக்கும். விங்கர் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். போதாததற்கு, அவன் விசா கிளப் ஒப்பந்தத்தோடு ஒட்டிப் பிறந்தது. ஜூன் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிக்கப் போவதில்லை என்று கிளப் முன்பே சொல்லிவிட்டது. அதற்குள் வேறு ஒரு கிளப் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி, ஃபிராங்ஃபர்ட், விமானம், கன்சாஸ். கேட்கிறவர்களிடமெல்லாம் இதை வானிலை சொல்வதுபோலச் சொல்வான்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு புல்வெளி இருந்தது. குளிர் விட்டதும் தினம் சாயங்காலம் அங்கே போவோம். இரண்டு ஜாக்கெட்டைக் கோலாக வைத்துவிட்டு நான் நிற்பேன், அவன் பந்தோடு வருவான்.

"இன்னைக்கு உன் காலு என் கையிலதாம்லே," என்பேன்.

"மொதல்ல என் சட்டையத் தொடு மக்கா."

தொட முடியாது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் ஒன்றும் சோப்ளாங்கி இல்லை, யுனிவர்சிட்டி டீமில் என்னைத் தாண்டிப் போனவன் கம்மி. இவன் மெதுவாக வருவான், பந்து காலோடு பேசிக்கொண்டே வரும். இடுப்பைப் பார்ப்பேன். இடுப்பு இடது பக்கம் போகும். நானும் போவேன். அதற்குள் அவன் எனக்குப் பின்னால் இருப்பான். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு காற்று வீசியது, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் ஜாக்கெட்டுகளுக்கு நடுவே பந்தை வைத்துவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பான்.

"சவம், மறுபடி வா," என்பேன்.

மறுபடி வருவான். மறுபடி காற்று.

இவனுக்கா கிளப் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டுதான் ஏப்ரலில் ஒரு நாள் அவன் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். சின்ன மைதானம், பலகை பெஞ்சு, சாசேஜ் சுடும் புகை, தொப்பி போட்ட கிழவர்கள். இடைவேளைக்கு அப்புறம் இவனை இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் பந்து இவனிடம் வந்தது. எதிரே ஒரே ஒரு ரைட் பேக், நல்ல கனமான ஆள், திரும்புவதற்கே தனி விசா வேண்டும். அவனுக்குப் பின்னால் வெறும் புல். நான் பெஞ்சில் எழுந்து நின்றுவிட்டேன்.

இவன் பந்தை நிறுத்தினான். தலையைத் தூக்கினான். திரும்பிப் பின்னால் கொடுத்தான்.

கிழவர்கள் இரண்டு பேர் கை தட்டினார்கள். கோச் தலையாட்டினார். அடுத்த பந்தும் அப்படியே. அதற்கடுத்ததும். ஒரு பந்தையும் அவன் இழக்கவில்லை. ஒரு ஆளையும் தாண்டவில்லை. "போலே! போயேம்லே!" என்று தமிழில் கத்தினேன், பக்கத்துக் கிழவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் கேட்டேன். "அந்தத் தடியனை நீ தாண்டிருக்கலாம்லா?"

"ஆமா."

"பின்ன?"

"தெரியல மக்கா. பந்து வரும்போது தாண்டணும்னுதான் நெனைப்பேன். கால் பின்னால குடுத்துரும். அது வேற கால் மாதிரி இருக்கு."

அதை அவன் சோகமாகச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, பஸ் எந்த நிறுத்தத்தில் நிற்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னான்.

மே முடிந்து சீசன் முடிந்தது. அவன் ஏஜெண்ட் என்று ஒருத்தன் இருந்தான், வருஷத்துக்கு ஒரு தடவை போன் எடுப்பான். அவன் கூப்பிட்டுச் சொன்னான்: கிழக்கே ஒரு கிளப் சோதனை ஆட்டத்துக்கு வரச் சொல்கிறது, சனிக்கிழமை. வார இறுதியில் ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை ஆமை ரயில்களில் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். விடியலில் கிளம்பி, மாறி மாறி ஏறி, ஹாலேயில் கடைசியாக மாற வேண்டிய ரயிலுக்குக் காத்திருந்தோம். அந்த ஊரில் பழைய தர்ம நிறுவனம் ஒன்றில் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சுவடிகளும் கடிதங்களும் இருக்கின்றன என்று அவனிடம் பெருமையடித்தேன்.

"அத்தனை வருஷமாவா இங்க இருக்கு?"

"ஆமா."

"விசா யாரு குடுத்தா?" என்றான். பிளாட்பாரத்தில் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்குச் சந்தோஷமாகச் சிரித்தது அது ஒன்றுதான்.

சோதனை ஆட்டத்தைக் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். எத்தனை தடவை சொல்வது? பந்து வந்தது. நிறுத்தினான். பார்த்தான். பின்னால் கொடுத்தான். ஒரு தடவை மட்டும் உடம்பு முன்னால் சாய்ந்தது. வேலிக்கம்பியை இறுக்கிப் பிடித்தேன். கால் ஒத்துக்கொள்ளவில்லை. முடிந்ததும் அந்தக் கிளப் கோச் இவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இளம் ஆள், கையில் லேப்டாப், என்னைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம். ரொம்ப மரியாதையாகத் தோளில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

திரும்பும் ரயிலில் பூட்ஸில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அப்புறம் அவனாகவே சொன்னான்.

"நான் ரொம்ப ஒழுங்கானவனாம். பந்தையே இழக்கறதில்லையாம். பாராட்டினான்."

"அப்ப எடுப்பானா?"

"இப்பல்லாம் ஆட்டம் மாறிருச்சாம் மக்கா. ஓரத்துல வெறும் ஓட்டக்காரன் வேண்டாமாம். ஆளைத் தாண்டிப் போற ஒருத்தன் வேணுமாம்." பூட்ஸைப் பைக்குள் திணித்தான். "விங்கர் வேணுமாம்."

அப்படி ஒரு சிரிப்பு சிரித்தான். எதிர் சீட்டுப் பாட்டி தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கோடையில்தான் உலகக் கோப்பை ஜெர்மனியில் நடந்தது. கார்களிலெல்லாம் கொடி, பால்கனியெல்லாம் கொடி, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பெரிய திரை, அதன் முன்னால் பீர். அமெரிக்க அணியும் வந்திருந்தது. எங்கள் தெருமுனைக் கடையில் அவர்கள் ஆட்டம் ஓடியபோது நின்று பார்த்தோம். ஒருத்தன் பந்தை வாங்கி ஓரமாக ஓடினான்.

"அவன் என்கூட ஒரே ரூம்ல இருந்தவன்," என்றான். "இளைஞர் அணியில. பயங்கரமா குறட்டை விடுவான்."

அவ்வளவுதான் சொன்னான். ஆட்டம் முடியும்வரை இருந்துவிட்டுத்தான் வந்தான். நானாக இருந்தால் திரையை உடைத்திருப்பேன்.

இனி அண்ணை. டார்ம்ஸ்டாட்டில் அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால் விற்கும் யாழ்ப்பாணத்து மனிதர். நாற்பதைத் தாண்டியவர், முன்நெற்றி ஏறியவர், ஃபிராங்ஃபர்ட் சுற்றுவட்டாரத் தமிழ்ப் பெடியன்களைச் சேர்த்து ஒரு கால்பந்து அணி வைத்திருந்தார். மேனேஜர், கேப்டன், லெஃப்ட் ஹாஃப், வேன் டிரைவர் எல்லாம் அவரேதான். ஒவ்வொரு கோடையும் ஸ்டுட்கார்ட்டில் தமிழ் அணிகளின் சுற்றுப்போட்டி நடக்கும். என் வீட்டுத் தோழனைப் பற்றி அவரிடம் நான் அளந்துவிட்டது எப்போதோ. கிழக்கே நடந்ததையும் சொன்னேன். கையிலிருந்த முருங்கைக்காய்க் கட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, உண்மையாவே சொல்லும். இடக்காலோ?"

"இடக்கால்தான் அண்ணே."

"ஆளை வெட்டித் தாண்டிக்கொண்டு போவாரோ?"

"என்னை டெய்லி வெட்டுறான்."

"உம்மை வெட்டுறது பெரிய விசயமில்லை," என்றார். "கேளும். ஸ்டுட்கார்ட்டில என்ர மச்சான் வேலை செய்யிற இடத்தில ஒரு டொச்சுக்காரன், அங்கத்தைய கிளப் ஒண்டுக்கு உதவிக் கோச். எங்கட போட்டிக்கு ஒவ்வொரு வருசமும் றோல்ஸ் தின்ன வாறவன். அவனிட்டைச் சொல்லி வைக்கிறன். இந்தப் பெடியன் அண்டைக்கு ரெண்டு பேரை வெட்டிக்கொண்டு ஓடினாப் போதும். மிச்சத்தை நான் கதைக்கிறன். ஆனா ஒண்டு, எங்களுக்குத்தான் விளையாட வேணும்."

போய்ச் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "ரெண்டு பேரையா?"

"ஒருத்தனைத் தாண்டினாக்கூடப் போதும்லே."

"வாறேன்," என்றான்.

ஜூன் கடைசிக்கு முந்தின ஞாயிறு. அண்ணையின் வேனில் விடியலிலேயே ஏறினோம். அண்ணையின் மனைவி கட்டிக்கொடுத்த இடியப்பமும் சொதியும் வழியில் சாப்பிட்டோம். இவன் கையால் பிசைந்து நன்றாகவே சாப்பிட்டான். ஸ்டுட்கார்ட் மைதானத்தில் ஒரு குட்டி யாழ்ப்பாணம் இறங்கியிருந்தது. ஸ்பீக்கரில் அறிவிப்பு, கொத்துரொட்டி தட்டும் சத்தம், கோட்டுக்கு உள்ளேயே ஓடிப் பிடித்து விளையாடும் பிள்ளைகள். அண்ணை சொன்ன உதவிக் கோச், அந்த ஜெர்மன்காரரும் வந்திருந்தார். மடக்கு நாற்காலி, வெயில் கண்ணாடி, ஒரு கையில் றோல்ஸ்.

இவன் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோதே சண்டை தொடங்கிவிட்டது. போட்டியின் சட்டம் அப்படி: தமிழர் மட்டும்தான் ஆடலாம், இல்லையென்றால் தமிழர் வீட்டில் சம்பந்தம் உள்ளவர். எதிர் அணிக்காரர்கள் கமிட்டித் தலைவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். விசிலைக் கழுத்தில் மாலைபோலப் போட்ட மனிதர்.

"இந்த வெள்ளை ஆர்?"

"எங்கட வீட்டு மருமகன் முறை," என்றார் அண்ணை, கண்ணிமைக்காமல்.

"எந்த முறையில? உமக்குப் பொம்பிளைப் பிள்ளையே இல்லை."

"மனுசியின்ர தங்கச்சிக்குப் பேசியிருக்கிறம்."

"அவ கனடாவில கட்டி ரெண்டு பிள்ளையெல்லோ!"

"அது மூத்த தங்கச்சி."

"உம்மட மனுசிக்கு ஒரு தங்கச்சிதான்! உம்மட கலியாணத்துக்கு வந்து பந்தியில பரிமாறினவன் நான்!"

"பரிமாறின உமக்குக் கறி ஆர் சமைச்சதெண்டு தெரியுமோ? அவவின்ர சித்தப்பா. அவற்ற மகளும் தங்கச்சிதானே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எதிர் அணியில் ஒருவர், வயிறு ஜெர்சியை மீறித் தள்ளிக்கொண்டு நின்ற ரைட் பேக், பேக்கரி வைத்திருப்பவர், கையைத் தூக்கினார். "கதையை விடுங்கோ. மருமகன் எண்டால் அவங்கட வீட்டில சாப்பிட்டிருப்பார். காலமை என்ன சாப்பிட்டவர் எண்டு கேளுங்கோ."

நான் இவனிடம் கேட்டேன். இவன் நிமிர்ந்து, எல்லோரையும் ஒரு தடவை பார்த்து, "இடியப்பம்," என்றான். கொஞ்சம் யோசித்து, "சொதி," என்றும் சேர்த்தான்.

மைதானமே ஆரவாரித்தது. கமிட்டித் தலைவர் விசிலை ஊதிவிட்டுப் போய்விட்டார்.

"என்ன சண்டை மக்கா?" என்றான்.

"உன்னை வச்சுக்கலாமா வேண்டாமான்னு."

"யாரு ஜெயிச்சா?"

"வச்சுக்கணும்னு சொன்னவங்க."

குனிந்து பூட்ஸ் கயிற்றை இன்னொரு தடவை இழுத்துக் கட்டினான். "இந்த நாட்டுக்கு வந்ததுலேர்ந்து எனக்காக யாரும் இப்படிக் கத்தினதில்ல," என்றான். அப்போது அவன் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. இடுப்பை மட்டும் பார்க்கணும் என்று முதலிலேயே சொன்னேன் இல்லையா?

ஆட்டம் தொடங்கியது. எனக்கு மாற்று பெஞ்சு. அண்ணை நடுவில் பந்தை வாங்கி, ஒரு அழகான நீளப் பந்தை இடது ஓரத்துக்குப் போட்டார். இவன் நெஞ்சில் வாங்கி இறக்கினான். அதற்கே ஒரு ஓ போட்டார்கள். எதிரே அந்த பேக்கரிக்காரர், முழங்கால் மடங்காமல், கையை விரித்துக்கொண்டு.

"வாரும் அமெரிக்கா, வாரும். வந்து வெட்டும் பாப்பம்."

அவருக்குப் பின்னால் கோல்வரை ஒரு குருவிகூட இல்லை. ஜெர்மன்காரர் றோல்ஸைக் கடிப்பதை நிறுத்தியிருந்தார்.

இவன் நின்றான். பார்த்தான். பின்னால், அண்ணைக்கே, கொடுத்தான்.

பரவாயில்லை, முதல் பந்து. அண்ணை மறுபடி போட்டார். மறுபடி பின்னால். மூன்றாவது தடவை சனம் பொறுக்கவில்லை. இது தொப்பிக் கிழவர்கள் கை தட்டும் இடமில்லை. ஆள் தாண்டுவதைப் பார்க்கத்தான் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள்.

"பின்னுக்குக் குடாதையும் தம்பி!"

"போம்! மனுசனுக்கு மூச்சு வாங்குது, போம்!"

"ஐயோ, எங்கட அம்மாவே அவரை வெட்டுவா!"

பேக்கரிக்காரரே ஒரு கட்டத்தில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "வாரும் ஐசே, நான் ஒண்டும் கடிக்க மாட்டன்," என்றார். அதில் கேலி இல்லை. அதுதான் மோசம்.

இடைவேளையில் அண்ணை இவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் போத்தலைக் கொடுத்தார். இவன் குடிக்கவில்லை. அண்ணை என்னைப் பார்த்து, ஆனால் இவனிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார்: "உம்மை ஆர் இப்பிடிப் பயப்படுத்தினது?"

"என்ன சொல்றாரு?" என்றான் இவன்.

சொன்னேன். அவன் போத்தல் மூடியைத் திருகித் திருகி மூடினான். ஒருத்தன் பெயரைச் சொல்ல முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தக் கோச், இந்தக் கோச் என்று. எல்லோரும் நல்லவர்கள்தான், அவரவர் வேலையைச் செய்தவர்கள், பந்தை இழக்காதே என்றவர்கள். யாரைச் சொல்வான்?

இரண்டாம் பாதியில் ஒரே ஒரு தடவை. பந்து வந்தது, பேக்கரிக்காரர் வழுக்கி உட்கார்ந்தேவிட்டார். உட்கார்ந்துவிட்டார் என்கிறேன்! இனி தாண்டுவதற்கு ஆளே இல்லை. சனமெல்லாம் எழுந்து நின்றது. இவன் இரண்டு எட்டு முன்னால் வைத்தான். அப்புறம், சத்தம் நின்றுபோன அந்த நேரத்தில், நிதானமாகத் திரும்பி, பின்னால் கொடுத்தான். ரொம்ப நல்ல பாஸ். அண்ணையின் காலுக்கு அளவெடுத்து வந்தது.

ஜெர்மன்காரர் நாற்காலியை மடக்கினார். போகும்போது அண்ணையின் மச்சானிடம் கை குலுக்கிவிட்டு, சமோசாவும் வாங்கிக்கொண்டுதான் போனார்.

இவன் அதைப் பார்த்தான். பெஞ்சைப் பார்த்துக் கையைச் சுழற்றினான், ஆள் மாற்றச் சொல்லி. நான் உள்ளே போனேன், வாழ்க்கையில் முதல் தடவையாக லெஃப்ட் விங்கில். தோற்றோம். வேனில் யாரும் அவனைத் திட்டவில்லை. அண்ணை ஒரு கேசட்டைப் போட்டார், கொஞ்ச தூரம் போனதும் அவரே நிறுத்தினார்.

கடைசி வாரம் யாரும் போன் செய்யவில்லை. ஏஜெண்டின் போன் அணைந்தே கிடந்தது. அவன் அறையைப் பெருக்கினான், சட்டைகளைச் சுருட்டினான், கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டியை என் அலமாரியில் வைத்தான். அப்புறம் எங்கே ஆடினான் என்று கேட்பவர்களுக்கு: எங்கேயும் இல்லை. கன்சாஸ் போய் ஒரு மின்னஞ்சல் போட்டான், சித்தப்பாவின் தானியக் கிடங்கில் வேலை பார்ப்பதாக. நான் பதில் போட்டேன். அதற்கு ஒரு வரியும் வரவில்லை.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் புல்வெளிக்குப் போனோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. எங்கேயோ உலகக் கோப்பைச் சத்தம். வழக்கம்போல நான் ஜாக்கெட்டுகளைப் போட்டுவிட்டு என் இடத்தில் போய் நின்றேன். அவன் பந்தை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தான்.

"இன்னைக்கு நீ கொண்டு வா. நான் நிக்கேன்."

"எனக்கு அதெல்லாம் வராதுலே."

"சும்மா வா மக்கா."

போனேன். இடுப்பை ஒரு பக்கம் ஆட்டி, பந்தை இன்னொரு பக்கம் தள்ளினேன், அவனிடமே களவாண்டது. அவன் அசையக்கூட இல்லை. காலை நீட்டினான், பந்து அவனிடம் இருந்தது. மறுபடி போனேன். மறுபடி எடுத்தான். வேகமாகப் போனேன், மெதுவாகப் போனேன், கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே போனேன். எடுத்துக்கொண்டே இருந்தான், சுத்தமாக, என் உடம்பில் படாமல். நான் பார்த்ததிலேயே நல்ல டிஃபென்டர் அவன்தான். அப்படி ஒருத்தனை யாரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் எடுத்தவுடன் ஒரு கணம்கூட யோசிக்காமல் திரும்பிப் பின்னால் கொடுத்தான். பின்னால் யாரும் இல்லை. பந்து புல்லில் உருண்டு, இரண்டு ஜாக்கெட்டுகளையும் தாண்டி, வேலிச் செடிக்குள் போய் நின்றது. அவன் போய் எடுத்துக்கொண்டு வந்தான். என்னிடம் கொடுத்தான். "வா," என்றான்.